கூழும் கேலியும்

2018-இல் என் மகனுக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்தது. அவனைக் கொண்டுபோய் விட ஸ்ரீபெரும்புதூர் போனேன். ராமானுஜர் அவதரித்த ஊராச்சே! ஆதிகேசவப் பெருமாளைச் சேவித்துவிட்டு ஒரு சின்ன விடுதியில் தங்கினோம். 'வெளிச்சாப்பாடு பிள்ளைக்கு ஒத்துக்குமா?' என்று எனக்கு ஒரே கவலை.

காலையில் விடுதிக்கார அம்மா கேழ்வரகுக் கூழ் கொண்டு வந்தார். மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யோடு வேகவிட்டு, துடுப்பால் கிளறி, மோரும் உப்பும் சேர்த்தது. கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம்.

"ஸ்காட்லாந்திலும் ஓட்ஸ் கஞ்சியை இப்படித்தான் கட்டையால் கிண்டி, உப்புப் போட்டுச் சாப்பிடுவாங்களாம்" என்றான் மகன்.

"அப்போ அவங்க நமக்குச் சம்பந்தி முறை! சீர் எங்கேன்னு கேளுப்பா!" என்றாரே பார்க்கலாம்!

சிரித்துக்கொண்டே இன்னொரு சொம்பு கேட்டு வாங்கிக் குடித்தான் பிள்ளை. நானும் நிம்மதியாக ஊர் திரும்பினேன்.

கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அதிகம். நீங்களும் செய்து கொடுங்கள், சகோதரிகளே. கூடவே கொஞ்சம் கேலியும்!