பார்த்தும் பாராதவை

மர்ஹூம் வாப்பா அவர்களுக்கு நிழற்படம் எடுத்துக்கொள்வதில் நாட்டமில்லை. உருவப்படம் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதை அறிந்தும், பேணுதலின் பக்கமே நின்றார்கள். ஹஜ்ஜுப் பயணத்தின் கடவுச்சீட்டுக்கென எடுத்த சிறு படம் ஒன்றே அவர்களுடையதாக நம் வீட்டில் இருக்கிறது. அது குறித்து நமக்குக் குறையில்லை. நம்மை உறுத்துவது வேறொன்று.

பாட்டனாரின் கடை எப்படி இருந்தது என்று சென்ற ஆண்டு மகள் கேட்டாள். பெட்டிகளைத் துழாவினோம். நிக்காஹ் படங்கள் இருந்தன. மாமல்லபுரமும் உதகையும் இருந்தன. மண்ணடியில் முப்பது ஆண்டுக்கு மேலாக வாப்பா திறந்து மூடிய கடையின் படம் ஒன்றுகூட இல்லை. கடை கைமாறிய நாளில், அதன் நெற்றியில் இருந்த தகரப் பலகை பழைய இரும்போடு எடைக்குப் போயிற்று. அன்றும் நம்மிடம் கேமரா இருந்தது. அப்பலகை படத்துக்குரிய பொருள் என்ற எண்ணந்தான் இருக்கவில்லை.

இந்த எண்ணம் வாய்க்கப்பெற்ற ஒருவர் பாரிஸில் வாழ்ந்தார். 1857இல் பிறந்த யூஜீன் அட்ஜே, கப்பலிலும் நாடக மேடையிலும் காலங்கழித்த பின் நிழற்படக்காரரானவர். கனத்த மரக் கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்துகொண்டு, பழைய பாரிஸின் தெருக்களில் நடந்தார். அவர் எடுத்தவை கதவுகளில் தொங்கும் தட்டுவளையங்கள், மாடிப்படிகளின் கைப்பிடிகள், கடைப் பலகைகள், முற்றங்கள். பல படங்களில் மனிதரே இல்லை. எனினும், அங்கே வாழ்ந்த மனிதரின் கைபட்ட தேய்மானம் ஒவ்வொன்றிலும் தெரிகிறது. 1920இல் 2,600க்கும் மேற்பட்ட தகடுகளைப் பிரெஞ்சு அரசு வாங்கிக்கொண்டது. 1927இல் அவர் மறைந்தபின், எஞ்சியவற்றுள் பலவற்றை அமெரிக்கப் பெண்மணி பெரனிஸ் அபட் காத்தளித்தார். அவர் அத்துடன் நிற்கவில்லை. மாறிவரும் நியூயார்க் நகரைத் தாமே படமெடுத்து 1939இல் நூலாக்கினார்.

அட்ஜேயின் வழியில் நாமும் ஒரு பொருளைத் தேர்ந்தோம். வாப்பாவின் பலகை போய்விட்டது. மண்ணடியில் எஞ்சியிருக்கும் கையெழுத்துப் பலகைகளையேனும் எடுப்போம் எனத் துணிந்தோம். பல நாள்கள் சுபுஹு தொழுதபின், வண்டிகளும் சுமைகளும் தெருவை அடைக்குமுன், நடந்து தேடினோம்.

தேடத் தொடங்கியபின்தான் பலகைகள் பேசலாயின. ‘னை’, ‘லை’ ஆகிய எழுத்துகள் யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய கொம்புடன் இருந்தால், தமிழக அரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய பலகை அது. அன்றேல், பழக்கம் விடாத ஓவியரின் கை. ‘மெட்ராஸ்-1’ என ஆங்கிலத்தில் முடியும் முகவரி, 1972 ஆகஸ்ட் 15இல் ஆறிலக்க அஞ்சல் எண் வருமுன் இருந்த வழக்கம். அந்த ஆறிலக்கமும் மெட்ராஸ் என்ற பெயரும் சேர்ந்திருந்தால், பெரும்பாலும் 1972க்கும், ஆங்கிலத்திலும் சென்னை என்றே பெயர் மாறிய 1996க்கும் இடைப்பட்டது. தொலைபேசி எண்ணின் இலக்கங்கள் பலகைக்குப் பலகை நீண்டுகொண்டே வருகின்றன. கதவிலக்கத்திலும் பழையது, புதியது என இரண்டு. உச்சியில் பிறையும் 786உம் வரைந்தவை சில. ஒரு தெருவின் வரலாறே தலைக்குமேல் தொங்கியது. நாமோ கீழே பார்த்து நடந்திருக்கிறோம்.

நம் பிள்ளைகளின் கைகளில் இன்று கேமரா பொருந்திய கைபேசி இருக்கிறது. எதை எடுப்பது என்று அவர்கள் கேட்டால், ஊரையெல்லாம் எடுக்கச் சொல்லாதீர்கள். ஒரே தெருவையும் ஒரே பொருளையும் கொடுங்கள். பள்ளிவாசலில் ஒளுச் செய்யும் தொட்டியின் தேய்ந்த விளிம்பு, வாசற்படி, சாளரக் கம்பி, கதவிலக்கம் என ஏதேனும் ஒன்று போதும். தெற்கு வடக்கான தெருவில் காலை வெயில் மேற்கு வரிசையிலும், மாலை வெயில் கிழக்கு வரிசையிலும் விழும். ஒளி பக்கவாட்டில் சரிந்து படும்போது தூரிகையின் தடமும் கல்லின் தேய்வும் புலப்படும். நேருக்கு நேர் நின்று, ஒரே தொலைவிலிருந்து எடுத்தால் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். உரியவரிடம் அனுமதி கேட்பது நம் அதபு. நாளையும் இடத்தையும் குறித்து வைக்காத படம் பேர் இல்லாத பிள்ளை.

ஒரு கடையில் முதியவர் ஒருவர், "இதிலே என்ன இருக்கிறதென்று எடுக்கிறீர்கள்?" என்று வினவினார். பலகையின் வலப்பக்க மூலையைக் காட்டினோம். அங்கே ஓவியர் தம் பெயரின் முதலெழுத்தைச் சிறிதாக இட்டிருந்தார். முதியவர் கண்ணாடியைச் சரிசெய்து வெகுநேரம் நோக்கினார். அவர் மணந்து வந்த நாளிலிருந்து அங்கேயே தொங்கும் பலகையாம். அன்றுதான் அவ்வெழுத்தைக் கண்டாராம்.

வாப்பாவின் பலகையிலும் மூலையில் அப்படியோர் எழுத்து இருந்தது. அது என்ன எழுத்து என்பது நமக்கு நினைவில்லை. இதுவரை நாற்பத்தேழு பலகைகளை எடுத்திருக்கிறோம். மூலையில் எழுத்துள்ள பலகையைக் காணும்போதெல்லாம், இதுவாக இருக்குமோ என்று நின்று பார்க்கிறோம். இன்ஷா அல்லாஹ், அடுத்த தெருவுக்கு மகளும் உடன் வருவாள்.