அடுக்களையில் வாழும் மொழி

ஒரு மொழி தன் மக்களிடமிருந்து ஒரே நாளில் விடைபெற்றுச் செல்வதில்லை. முதலில் அது அரசு அலுவலகத்தை விட்டு நீங்குகிறது. அடுத்துப் பள்ளிக்கூடத்தை விட்டும், பின்னர்க் கடைத்தெருவை விட்டும் நீங்குகிறது. இறுதியாக அது தஞ்சம் புகும் இடம் அடுக்களை. உப்பும் நீரும் உள்ளவரை அவற்றின் பெயர்களும் அங்கே உயிரோடு இருக்கும். இவ்வுண்மையை நான் மொழியியல் நூல்களிலிருந்து கற்கவில்லை. கருங்கடற்கரையில், ருமேனிய நாட்டில், ஒரு வீட்டின் அடுப்படியில் அமர்ந்து கற்றேன்.

என் தம்பி கப்பற் பொறியாளர். கான்ஸ்டன்ட்சா துறைமுகத்தில் பணியாற்றிய காலத்தில் அந்நகரத்து முஸ்லிம் குடும்பம் ஒன்றில் பெண்ணெடுத்து அங்கேயே தங்கிவிட்டார். 2012ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அவர் இல்லத்திற்குச் சென்று ஏறத்தாழ இரண்டு திங்கள் தங்கியிருந்தேன். ருமேனியா என்றதும் நம்மவர்க்கு முஸ்லிம்கள் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் டான்யூப் ஆற்றுக்கும் கருங்கடலுக்கும் இடைப்பட்ட டோப்ருஜா என்னும் நிலப்பகுதி, நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக உதுமானியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அதன் வடபகுதி 1878ஆம் ஆண்டின் பெர்லின் உடன்படிக்கையால் ருமேனியாவைச் சேர்ந்தது. கிரிமியப் போரை ஒட்டித் தம் தாயகத்தை விட்டு வெளியேறிய தாதாரியர் பலர் இங்கே குடியேறினர். சுல்தான் அப்துல் மஜீதின் பெயரால் மெட்ஜிதியா என்றே ஓர் ஊர் அமைந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ருமேனியாவில் தாதாரியர் 20,000 பேரைச் சற்றே கடந்தவர்; துருக்கியர் ஏறத்தாழ 28,000 பேர். என் தம்பியின் மனைவி தாதாரியக் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

அவ்வீட்டின் அடுக்களை, சம்பந்தி அம்மாவின் ஆளுகைக்கு உட்பட்டது. அப்போதே எழுபதைக் கடந்திருந்த அவருக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியாது. எனக்கு ருமேனிய மொழியும் தாதாரிய மொழியும் தெரியாது. எனினும், நான் சென்ற முதல் வாரத்திலேயே எங்களுக்குள் பேச்சு தொடங்கிவிட்டது. அதற்கு வழி செய்தவை சட்டிகளும் பானைகளுமே.

பயணம் செய்த சொற்கள்

நாள்தோறும் நண்பகலில் அவ்வீட்டில் முதலில் பரிமாறப்படுவது 'சோர்பா'. காய்களும் சிறிது இறைச்சியும் இட்டுக் கொதிக்கவைத்த புளிப்புச் சாறு இது. பாரசீகத்தின் 'ஷோர்பா' துருக்கிய மொழி வழியாக ருமேனியாவுக்குள் நுழைந்து அந்நாட்டு மக்கள் அனைவரின் அன்றாட உணவாகிவிட்டது. நாம் புளியைக் கரைத்து ஊற்றுகிறோம். அவர்களோ கோதுமைத் தவிட்டை நீரில் ஊறவைத்துச் சில நாள் புளிக்கவிட்டு, தெளிந்த நீரை வடித்து ஊற்றுகிறார்கள். அப்புளித்த நீரின் பெயர் 'போர்ஷ்'. பழுக்காத காட்டுப் பிளம்பழமும், முட்டைக்கோசு ஊறிய உப்புநீரும் புளிப்புக்கு உதவுவது உண்டு. இறக்கும் தறுவாயில் 'லெயுஷ்தியான்' என்னும் தழையை நறுக்கித் தூவுகிறார்கள். நம் கறிவேப்பிலையின் இடத்தை அத்தழை அங்கே பெற்றிருக்கிறது. அதன் மணம் எழுந்தால் சோர்பா பதமாகிவிட்டது என்று பொருள்.

அதனோடு பெரும்பாலும் 'மமலிகா' இருக்கும். மக்காச்சோள மாவைக் கொதிநீரில் தூவி, மரக்கரண்டியால் விடாது கிண்டி, பலகையின்மீது கவிழ்த்து, நூலால் அறுத்துத் துண்டாக்குவர். நம் களியின் ஒன்றுவிட்ட சகோதரி என்று இதனைக் கூறலாம். அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோளம் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அந்நாட்டில் வேரூன்றி, ஏழை உழவரின் ரொட்டியாகவே மாறிவிட்டது.

சம்பந்தி அம்மா ஒவ்வொரு பொருளாகச் சுட்டிப் பெயர் சொல்வார். நான் திருப்பிச் சொல்வேன். சோறும் இறைச்சியும் சேர்ந்தது 'பிலாஃப்'. அது நம் புலவு. கொத்திறைச்சியை உருட்டிப் பொரித்தது 'கிஃப்தியா'. அது நம் கோஃப்தா. அடுப்பினுள் வைக்கும் தட்டு 'தவா'. சூரியகாந்தி விதையை அரைத்துச் செய்யும் இனிப்பு 'ஹல்வா'. சர்க்கரைக்கு ருமேனியத்தில் 'ஸஹர்' என்று பெயர். வடமொழியின் 'சர்க்கரா' பாரசீகத்தையும் கிரேக்கத்தையும் கடந்து சென்று கருங்கடற்கரையில் அவ்வுருவம் பெற்றிருக்கிறது. 'ஷெர்பெத்' என்றதும் நம் சர்பத்தை எண்ணி நாவூறினேன். வந்ததோ கரண்டியில் எடுத்த கெட்டியான சர்க்கரைப் பாகு. பக்கத்தில் ஒரு குவளை குளிர்ந்த நீர். பாகைச் சுவைத்த பின்னர் நீரைப் பருக வேண்டும். நாம் ஒன்றாகக் கலந்து குடிப்பதை அவர்கள் தனித்தனியே வைத்துத் தருகிறார்கள்!

இவற்றையெல்லாம்விட என் நெஞ்சைத் தொட்ட சொல் ஒன்று உண்டு. ருமேனிய மொழியில் விருந்தினருக்கு 'முஸாஃபிர்' என்று பெயர். அரபியில் பயணியைக் குறிக்கும் சொல் இது. நம் வீடுகளிலும் 'முஸாபிர்' என்றால் வழிப்போக்கரே. வழியிற் செல்பவரை விருந்தினர் என்றே அழைக்கத் துணிந்த ஒரு மொழி, அவருக்கு உணவளிக்காமல் இருக்க முடியுமோ?

வறுமையும் வாய்மையும்

தாதாரியருக்கே உரிய உணவுகள் சிலவும் அவ்வீட்டில் உண்டு. மெல்லியதாகத் தேய்த்த மாவினுள் வெங்காயம் சேர்த்த பச்சைக் கொத்திறைச்சியை வைத்து, பிறைவடிவில் மடித்து எண்ணெயில் பொரிப்பது 'சிபொரெக்'. மிகச் சிறிய கொழுக்கட்டைகளாகச் செய்து சாற்றில் மிதக்கவிடுவது 'காஷிக் பொரெக்'. காஷிக் என்றால் கரண்டி. ஒரு கரண்டிக்குள் எத்தனை கொழுக்கட்டைகள் அடங்குகின்றன என்பதைக் கொண்டே அந்த இல்லத்தரசியின் கைத்திறனை அளப்பார்கள்.

"இவ்வளவு சிறியதாக ஏன் செய்கிறீர்கள்?" என்று ஒருநாள் கேட்டேன். தம்பி மனைவி மொழிபெயர்த்துக் கூறிய விடை இதுதான்: "கையளவு இறைச்சிதான் கிடைத்தது. வீட்டில் எட்டுப் பேர். ஒவ்வொருவர் கரண்டியிலும் இறைச்சி இருந்தது என்று காட்ட வேண்டாமா?"

அவர் குறிப்பிட்டது 1980களின் வாழ்க்கையை. அப்போதைய ஆட்சித் தலைவர் சௌஷெஸ்கு, வெளிநாட்டுக் கடனை முற்றிலும் அடைத்துவிட வேண்டுமென்று நாட்டின் விளைபொருள்களை ஏற்றுமதி செய்தார். ரொட்டி, எண்ணெய், சர்க்கரை, மாவு யாவும் பங்கீட்டுக்கு உட்பட்டன. ஒரு மாதத் தேவைக்கு மிகுதியாக உணவுப்பொருளை வீட்டில் வைத்திருப்போரைச் சிறையிலிட 1981 அக்டோபரில் ஆணை பிறந்தது. வரிசையில் மணிக்கணக்கில் நின்றால் கடையில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் பன்றியின் கால்களே. காப்பிக் கொட்டையின் இடத்தில் ஓட்ஸும் பிறவும் கலந்த ஒரு தூள் விற்பனைக்கு வந்தது. குதிரைத் தீனியை அருந்தினால் குதிரைபோல் கனைக்கத்தானே வேண்டும் என்று, கனைத்தலைக் குறிக்கும் சொல்லைக் கொண்டே மக்கள் அதற்குப் பெயர் சூட்டினர். 1989 வசந்தத்தில் கடன் முழுவதும் தீர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஆட்சியும் தீர்ந்தது.

ஆகாதது எனத் தாம் கருதிய இறைச்சி ஒன்றே கடையில் கிடைத்த அந்நாளில், இக்குடும்பம் என்ன செய்தது? சம்பந்தி அம்மாவும் வரிசையில் நின்று தம் பங்கை வாங்கினார். வாங்கியதை அண்டை வீட்டுக் கிறித்தவப் பெண்மணியிடம் கொடுத்துவிட்டு, அவருடைய பங்கிலிருந்து முட்டைகளைப் பெற்றுக்கொண்டார். அப்பெண்மணி தம் தவக்காலத்தில் இறைச்சியும் பாலும் முட்டையும் நீக்கிச் சமைப்பவர். வேகவைத்து மசித்த அவரையில் பூண்டும் எண்ணெயும் கலந்து, பொன்னிறமாக வதக்கிய வெங்காயத்தை மேலே பரப்பி அவர் கொடுத்தனுப்பும் கிண்ணத்தை, இவர்கள் எவ்வித ஐயமுமின்றி உண்டனர். முஹர்ரம் மாதத்தில் கோதுமையும் பயறும் உலர்ந்த பழங்களும் சேர்த்து இவர்கள் காய்ச்சும் 'அஷுரே' அவ்வீட்டிற்குச் சென்றது. இறந்தோர் நினைவாக அவர்கள் கோதுமையை இனிப்பிட்டு வேகவைக்கும் 'கொலிவா' இங்கே வந்தது. இரு வீட்டாரும் தத்தம் சமயத்தில் உறுதியாக நின்றனர். அவ்வுறுதியே அவர்களை ஒருவரோடொருவர் பிணைத்தது.

குழம்பு காய்ச்சுங்கால் நீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் நினைவிற் கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்திய செய்தியை நாம் அனைவரும் அறிவோம். வளமான காலத்தில் அதனைக் கேட்டுத் தலையசைப்பது எளிது. கூட்டுவதற்கு நீரைத்தவிர வேறொன்றும் இல்லாத காலத்தில் அதன்படி நடந்த ஒரு பெண்மணியை நான் கண்ணாரக் கண்டேன்.

எஞ்சிய நாற்பது சொற்கள்

நான் அங்கிருந்த நாள்கள் குளிர்காலச் சேமிப்புக்குரிய நாள்கள். சந்தையிலிருந்து கத்தரிக்காயும் சிவந்த குடைமிளகாயும் மூட்டையாக வந்தன. அவற்றைத் தணலிற் சுட்டு, தோலுரித்து, வெங்காயமும் தக்காளியும் எண்ணெயும் சேர்த்துப் பெருஞ்சட்டியில் மணிக்கணக்கில் கிண்டி, கண்ணாடிப் புட்டிகளில் அடைத்தனர். 'ஸகுஸ்கா' என்னும் இத்தொக்கு, ருமேனிய நாட்டில் எச்சமயத்தார் வீட்டிலும் உண்டு. பனி பெய்யும் மாதங்களில் ரொட்டியின்மீது தடவி உண்பர்.

சட்டியைச் சுற்றி மூன்று தலைமுறையும் அமர்ந்திருந்தபோதுதான் அதனைக் கவனித்தேன். சம்பந்தி அம்மா தாதாரிய மொழியிலேயே பேசினார். மகள் புரிந்துகொண்டு ருமேனியத்தில் விடையளித்தார். பத்து வயதான என் மருமகனுக்குப் பாட்டியின் பேச்சில் பெரும்பகுதி விளங்கவில்லை. பள்ளியில் அவனுக்கு ருமேனியம், தொலைக்காட்சியில் ஆங்கிலம். ஆயினும் பாட்டி "துஸ்" என்றால் உப்பை எடுத்தான். "சுவ்" என்றால் நீரைக் கொணர்ந்தான். "ஒத்மெக்" என்றால் ரொட்டியை நீட்டினான். விளையாட்டாக அவனுக்குத் தெரிந்த தாதாரியச் சொற்களை எண்ணிப் பார்த்தோம். நாற்பதுக்குக் கிட்டத்தட்ட வந்தன. ஒன்றிரண்டைத் தவிர அனைத்தும் அடுக்களைச் சொற்கள்.

"தமிழில் எத்தனை தெரியும்?" என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணினான். "சோறு, ஆணம், தண்ணி, மீன், போதும், இன்னும் கொஞ்சம், மாமி, வாப்பா." அவ்வளவே. நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் குழம்பைக் குறிக்கும் 'ஆணம்' என்னும் சொல், நம் பிள்ளைகள் பலரே நாணி ஒதுக்கிவிட்ட சொல், பல ஆயிரம் கல் தொலைவில் ஒரு சிறுவன் நாவில் பிழையின்றி ஒலித்தது. என் தம்பி வாரத்துக்கு ஒருமுறை மீன் ஆணம் காய்ச்சுவதை நிறுத்தவில்லை என்பதே அதற்குக் காரணம்.

ருமேனியாவில் வழங்கும் தாதாரிய மொழி, அழியும் நிலையில் உள்ள மொழிகளின் வரிசையில் யுனெஸ்கோவால் வைக்கப்பட்டுள்ளது. 2007ஆம் ஆண்டு ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்தபின், வேலை தேடி இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் ஜெர்மனிக்கும் சென்றவர் மிகப் பலர். தாய்மார் அடைத்தனுப்பும் ஸகுஸ்காப் புட்டிகள் சிற்றுந்துகளில் எல்லை கடந்து செல்கின்றன. சொற்களை அவ்வாறு புட்டியில் அடைத்தனுப்ப இயலுமா?

இயலும் என்று காட்டினார் சம்பந்தி அம்மா. அன்றைய சிறுவன் வளர்ந்து மேற்படிப்புக்காக ஜெர்மனி சென்றான். சில திங்களில் கடையுணவு சலித்துப்போக, சிபொரெக் செய்முறையைக் கேட்டுத் தொலைபேசியில் பாட்டியை அழைத்தான். எண்பதைக் கடந்த அம்மூதாட்டிக்கு ருமேனியம் நன்றாகவே தெரியும். ஆனால் ருமேனியத்தில் ஒரு சொல்லும் கூற மறுத்துவிட்டார்! "இது என் தாய் எனக்குச் சொன்ன மொழியில்தான் வேகும்" என்பது அவர் வாதம். பசித்தவன் என்ன செய்வான்? மாவைப் பிசை, தேய், மடி, விளிம்பை அழுத்து என்னும் வினைச்சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டான். இன்று அவனிடம் நாற்பது சொற்கள் அல்ல. ஒரு குறிப்பேடு நிறையச் சொற்கள் உள்ளன. பெயர்களை மட்டும் அறிந்திருந்தவன் வாக்கியம் அமைக்கக் கற்றுவிட்டான்.

தமிழ் பயிலும் மாணவ மாணவியர்க்கு நான் கூற விரும்புவது இதுவே. மொழியைக் காக்கும் பணி மேடையிலும் ஏட்டிலும் மட்டும் நிகழ்வதன்று. ஆணம், பசியாறுதல், சஹன் என்று நம் பாட்டிமார் வழங்கும் சொற்கள் நூலகத்தில் கிடைப்பது அரிது. அவர்கள் சமைக்கும் நேரத்தில் அவை தாமே வந்து விழும். வருகின்ற விடுமுறையில் ஒரு குறிப்பேட்டுடன் அடுக்களைக்குச் செல்லுங்கள். மாணவிகள் மட்டுமல்லர், மாணவர்களும் செல்லுங்கள். அரிசியைக் களைந்து கொடுங்கள்; வெங்காயத்தை உரித்துக் கொடுங்கள்; அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும்படியே எழுதுங்கள். நம் துறையின் அடுத்த மலரில் அத்தொகுப்பு இடம்பெறுமாயின், இந்த மொழித்துறைக்கு அதனினும் சிறந்த தொண்டு வேறொன்று இருக்க முடியாது.