ஆழத்தில் இருப்பவர்கள்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துச் செபேகோ ஏரியில் கடல் காணாத சால்மன் மீன் வாழ்கிறது. அட்லாண்டிக் சால்மனின் இனமேயாயினும், ஏரியே அதற்குக் கடல். 1969-இல் மெய்ன் அதனைத் தன் மாநில மீனாக ஏற்றது.

வசந்தத்தில் ஏரியின் பனிக்கட்டி உருகியதும், ஸ்மெல்ட் எனும் சிறுமீன்கள் முட்டையிட ஓடைகளின் வாயை நாடும். அவற்றை இரைதேடித் தொடரும் சால்மனைத் தூண்டிற்காரர் கரையோர மேல்நீரிலேயே காண்பர். கோடையில் மேல்நீர் வெதும்பவே, அது குளிர்ந்த ஆழத்திற்கு இறங்கிவிடும். அனுபவமுள்ளோர் ஏரியில் மீனே இல்லை என்று திரும்புவதில்லை. கனம் கட்டித் தூண்டிலை ஆழத்தில் இறக்குகின்றனர்.

இதனைப் படித்தபோது நம் மனம் உறுத்தியது. மனைவியை இழந்தபின் திருப்பலிக்கு வராதுபோன ஒருவரை, விசுவாசம் குன்றியவர் என்றே எண்ணியிருந்தோம். ஆலய வாசலில் அவரை எதிர்பார்த்து நின்றோமேயன்றி, அவரது துயரத்தின் அருகே சென்றோமில்லை. படகை ஆழத்திற்குக் கொண்டுபோகும்படி பேதுருவிடம் ஆண்டவர் கூறியதைப் பலமுறை பிரசங்கித்தவர்தாம் நாம்!

அன்று மாலையே அவரது இல்லம் சென்றோம். போதனை ஏதும் செய்யாது, அவர் பேசப் பேசக் கேட்டிருந்தோம். விடைபெறுகையில், "சாமி, இன்னொரு நாளும் வாங்க" என்றார்.

அவர் இன்னும் ஆலயத்திற்கு வரவில்லை. நாம் வாரந்தோறும் சென்று வருகிறோம்.