வீடுகள் விடுதிகளான கதை

எங்கள் பாட்டனார் பர்மாவில் ஈட்டிய பொருளைக் கொண்டு எழுப்பிய வீடு அது. நாகூரில், தேக்குத் தூண்கள் தாங்கும் திண்ணையும், வானம் பார்த்த முற்றமும், பின்கட்டில் கோடையிலும் வற்றாத கிணறுமாக இன்றும் நிற்கிறது. நிற்கிறது என்றுதான் எழுத முடிகிறது, குடியிருப்போர் எவருமிலர். வாப்பாவும் உம்மாவும் மவுத்தான பின் நானா சென்னையிலும், ராத்தா காரைக்காலிலும், நான் திருச்சியிலுமாகச் சிதறிப் போனோம். கந்தூரி நாட்களில் கதவு திறக்கும், பிறகு பூட்டு.

விடுதி நடத்தும் ஒருவர் அவ்வீட்டை முப்பதாண்டுக் குத்தகைக்குக் கேட்டு வந்தபோதுதான் எங்களுக்குள் பேச்சு மூண்டது. நானா சம்மதித்தார். "பூட்டிக் கிடக்கும் வீட்டைக் கரையான் தின்னும். மனிதர் தங்கினால் கூரையாவது நிலைக்கும்" என்பது அவர் வாதம். ராத்தாவோ, "உம்மாவின் மய்யித்தைக் கிடத்திய முற்றத்தில் மேசை போட்டுச் சாப்பாடு பரிமாறுவார்களா?" என்று கேட்டார். ஷரீஅத் முறைப்படி ஐந்தில் ஒரு பங்குதான் ராத்தாவுக்கு. ஆனால் அந்தக் கேள்விக்கு மற்ற நான்கு பங்குக்காரர்களாகிய எங்களிடம் விடையில்லை.

கேட்டு வந்தவர் எங்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னது தரங்கம்பாடியை. காரைக்காலைக் கடந்து வடக்கே சென்றால் வரும் கடற்கரையூர். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டி வாணிபம் செய்து, 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போன இடம். அங்கே ஆங்கிலேய ஆட்சிக்காலத்துப் பங்களா ஒன்றை நீம்ரானா நிறுவனத்தார் செப்பனிட்டு விடுதியாக்கியிருக்கின்றனர். கடலைப் பார்த்த நீண்ட தாழ்வாரங்கள் கொண்ட அழகிய கட்டடம், இல்லையென்று சொல்வதற்கில்லை.

இதைக் கேட்ட ராத்தாவின் மகன் இன்னொரு யோசனை சொன்னான். ஐரோப்பாவில் பழைய கற்கட்டடமொன்றை வைக்கிங் பாணி உணவகமாக்கி, சுவரெங்கும் கேடயமும் கொம்பு வைத்த தலைக்கவசமும் மாட்டியிருந்தார்களாம். கூட்டம் அலைமோதியதாம். டேனிஷ்காரர்களின் முன்னோரே வைக்கிங்குகள் என்பதால், பக்கத்து ஊரான நமக்கும் அது பொருந்தும் என்றான். ராத்தா அவனைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை.

அவன் அறியாத செய்தி ஒன்றுண்டு. கடலோடிகளான அந்த வடபுலத்து மக்களைக் கண்ணால் கண்டு எழுதியவர்களுள் முதன்மையானவர் ஒரு முஸ்லிம். அப்பாஸிய கலீஃபா முக்ததிரின் தூதுக் குழுவில் 921ஆம் ஆண்டு பக்தாதிலிருந்து புறப்பட்ட இப்னு ஃபழ்லான், மறு ஆண்டு வோல்கா ஆற்றங்கரையில் 'ரூஸ்' என்னும் அம்மக்களைச் சந்தித்தார். பேரீச்ச மரம் போன்ற அவர்களது உயரத்தை வியந்தார். தூய்மையின்மையைக் கண்டு முகம் சுளித்தார். இறந்த தலைவனைக் கப்பலோடு எரித்த சடங்கை ஒன்று விடாமல் பதிவு செய்தார். கொம்பு முளைத்த தலைக்கவசம் பற்றி அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. அகழாய்வாளர்களுக்கும் வைக்கிங் காலத்துக் கொம்புக் கவசம் கிடைத்ததில்லை. அது 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நாடக மேடை பரப்பிய ஒப்பனை. தன் கதையைச் சொல்லத் தெரியாத கட்டடத்துக்கே பிறர் ஒப்பனை வேண்டியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

"சென்னைக்கு வாருங்கள். வீடுகள் விடுதியான இடங்களை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்" என்றார் நானா. ராத்தாவும் நானும் இரவு ரயிலேறி எழும்பூரில் இறங்கினோம்.

நானா குடியிருப்பது ராயப்பேட்டையில். காலையில் அவர் முதலில் அழைத்துச் சென்றது விடுதி எதற்கும் அன்று. பாரதி சாலையிலுள்ள அமீர் மஹாலுக்கு. ஆற்காடு இளவரசர் குடும்பத்தின் இல்லம் என்பதால் வெளியில் நின்றே பார்த்தோம். அரண்மனையாகவே பிறந்தது என்று நான் எண்ணியிருந்தேன். உண்மை நேர்மாறானது. 1798இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத்துக்காகக் கட்டப்பட்டது அது. 1855இல் நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி மறைந்ததும் கம்பெனியார் கர்நாடக நவாப் பட்டத்தையே ஒழித்தனர். 1768இல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனை ஏலத்துக்கு வந்து அரசின் கைக்குப் போனது. நவாபின் குடும்பம் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ஷாதி மஹால் என்னும் கட்டடத்தில் தங்க நேர்ந்தது. பின்னர் ஆற்காடு இளவரசர் என்ற பட்டத்தை வழங்கிய ஆங்கில அரசு, இந்த அலுவலகக் கட்டடத்தை இராபர்ட் சிஷோம் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு மாளிகையாக மாற்றிக் கொடுத்தது. 1876இல் குடும்பம் இங்கே குடிவந்தது.

"பார்த்தாயா? அரண்மனை அலுவலகமாயிற்று, அலுவலகம் அரண்மனையாயிற்று. கட்டடம் எதுவாகவும் மாறும்" என்றார் நானா.

"சேப்பாக்கத்தை விரும்பியா கொடுத்தார்கள், நானா?" என்றார் ராத்தா.

அங்கிருந்து ராயப்பேட்டை மருத்துவமனைப் பக்கம் நடந்தோம். நான் பார்க்க விரும்பிய வீடு இவ்வட்டாரத்தில்தான் இருந்தது. ஆம், இருந்தது. இராமநாதபுரம் அரசருக்குச் சொந்தமான 'உட்லண்ட்ஸ்' என்னும் தோட்ட மாளிகை. உடுப்பிச் சீமையிலிருந்து வந்து, சமையற்கட்டில் எடுபிடி வேலையில் தொடங்கி, உணவகம் வைக்குமளவு உயர்ந்த கே. கிருஷ்ண ராவ் அம்மாளிகையை 1930களின் பிற்பகுதியில் குத்தகைக்கு எடுத்துத் தங்கும் விடுதியாக்கினார். வீட்டின் பெயரையே விடுதிக்கும் வைத்தார். சைவ உணவுக்கென்று தனிப்புகழ் பெற்ற பெயராக அது வளர்ந்தது. சைவ உணவகம் என்பதால் ஹலால் குறித்த ஐயமின்றி நம் பெரியோர்களும் குடும்பத்தோடு நுழையக் கூடிய இடமாக இருந்தது என்பதை நான் தனியே சொல்ல வேண்டும். சென்னைக்கு வழக்குக்கும் வைத்தியத்துக்கும் வரும்போதெல்லாம் உட்லண்ட்ஸ் இட்லியைப் பற்றி வாப்பா சொன்னதுண்டு.

கிருஷ்ண ராவ் 1952இல் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், அதாவது இன்றைய டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலையில், 'நியூ உட்லண்ட்ஸ்' என்ற பெயரில் புதிய விடுதி அமைத்தார். ராயப்பேட்டை மாளிகை என்ன ஆயிற்று? அது போய்விட்டது. உட்லண்ட்ஸ் என்ற பெயரில் ஒரு திரையரங்கு எழுந்தது. சிங்கப்பூரிலும் நியூயார்க்கிலும் தமிழர்கள் உட்லண்ட்ஸ் என்று பெயர்ப்பலகை மாட்டி தோசை விற்றார்கள். பெயர் கடல் கடந்தது; பெயருக்குரிய வீட்டில் ஒரு செங்கல்லைக் கூட எங்களால் காண முடியவில்லை. சாலையோரத்தில் நின்ற நானா நெடுநேரம் பேசவில்லை. மனிதர் தங்கினால் கூரை நிலைக்கும் என்ற அவரது வாதத்துக்கு அங்கேதான் முதல் அடி விழுந்தது.

ஆட்டோ பிடித்து ஒயிட்ஸ் சாலைக்குப் போனோம். மரங்களுக்கு நடுவே 'அமெதிஸ்ட்' என்னும் தேநீரகம். இதன் தொடக்கமும் ஓர் அரச மாளிகைதான். ஒடிசாவைச் சேர்ந்த ஜெய்ப்பூர் அரச குடும்பத்தினரின் பழைய இல்லமொன்று கோபாலபுரத்தில் இருந்தது (இராஜஸ்தானத்து ஜெய்ப்பூரோடு இதைக் குழப்பிக் கொள்வோர் பலர்). அதில் 2000ஆம் ஆண்டையொட்டிக் கடையும் தேநீரகமுமாகத் தொடங்கி, பத்தாண்டு கழித்து இங்கே ஒரு பழைய கிடங்குக்கு இடம் பெயர்ந்தார்கள். கிடங்கின் உயர்ந்த கூரையையும் தடித்த சுவர்களையும் மறைக்காமல் விட்டிருப்பது அழகாகவே இருக்கிறது. தாழ்வாரத்தில் அமர்ந்து தேநீர் அருந்தினோம். விலைப்பட்டியலை ராத்தா பார்க்காமலிருக்க நானா அதைத் தம் பக்கம் இழுத்து வைத்துக் கொண்டார்! எதிர்மேசையில் கல்லூரிப் பெண்கள் சிலர் சிரித்துப் பேசிக் கொண்டிருந்ததைப் பார்த்தபடி, "நம் முற்றத்திலும் இப்படிச் சிரிப்பொலி கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு" என்றார் ராத்தா, தமக்குத் தாமே சொல்லிக் கொள்வது போல.

அடுத்து பின்னி சாலை. வாணிபத்தில் பெயர் பெற்ற பின்னி குடும்பத்தாரின் நினைவாக வழங்கும் தெரு. இங்குள்ள கன்னிமாரா விடுதியின் வரலாறு, கை மாறிக் கை மாறி வந்த வரலாறு. 1854இல் திருவல்லிக்கேணி இரத்தினவேலு முதலியார் 'இம்பீரியல்' என்ற பெயரில் தொடங்கினார். 1886இல் 'ஆல்பனி' ஆயிற்று. 1890இல், அப்போது சென்னை ஆளுநராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பெயரைச் சூடியது. மறு ஆண்டு ஸ்பென்சர் நிறுவனத்து யூஜின் ஓக்ஷாட் வாங்கினார். 1930களில் கட்டடமே புதிதாக எழுந்து 1937இல் திறக்கப்பட்டது. 1970களில் இலங்கையின் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அதைத் திருத்தி விரிவுபடுத்தினார். 1984 முதல் தாஜ் குழுமத்தின் நிர்வாகம். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விடுதியாகவே வாழ்ந்ததால் இது பிழைத்திருக்கிறது. உள்ளே மழைமரத்தின் பெயரால் அமைந்த 'ரெயின்ட்ரீ' உணவகத்தில் செட்டிநாட்டுச் சமையல். ஆனால் நட்சத்திர விடுதிகளுக்குரிய மதுக்கூடம் இங்கும் உண்டு. வாயிலோடு திரும்பினோம்.

"நம் வீட்டிலும் இது வந்தால்?" என்றேன் நான்.

"அஸ்தஃபிருல்லாஹ்" என்றார் நானா. அதற்குப் பிறகு அவர் நடையே மாறிவிட்டது.

வீடு திரும்பி லுஹர் தொழுது, உண்டு, ஓய்வெடுக்கையில் நானாவிடம் நான் இஸ்ஃபஹானைப் பற்றிச் சொன்னேன். ஈரானின் அந்நகரில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸஃபவி அரசர் சுல்தான் ஹுசைனின் தாயார் ஒரு சத்திரம் கட்டச் செய்தார். வணிகர்கள் ஒட்டகங்களோடு வந்து தங்கிய அச்சத்திரத்தின் வருமானம், அருகிலுள்ள மதரஸாவின் செலவுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அச்சத்திரம் இன்று அப்பாஸி ஹோட்டல் என்ற ஆடம்பர விடுதி. வழிப்போக்கருக்கு இடமளிப்பது நம் மரபுக்குப் புதியதன்று. ஆனால் எவருக்கு, எதன் பொருட்டு, எந்த நிபந்தனையில் என்பதை வக்ஃபு செய்தவர்கள் முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். நம் ஊர்களில் எத்தனை பெரிய வீடுகள் வெறும் வாய்ப்பேச்சில் கைமாறி, ஐந்தாம் ஆண்டில் அடையாளம் தெரியாமல் போயிருக்கின்றன!

அஸருக்குப் பின் மயிலாப்பூர் புறப்பட்டோம். அண்ணா மேம்பாலத்தருகே செம்மொழிப் பூங்காவைக் கடக்கையில், "இங்கேதானே காரில் உட்கார்ந்தபடியே காப்பி குடிப்போம்?" என்றார் ராத்தா. ஆம், உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். தோட்டக்கலைச் சங்க நிலத்தில் 1962இல் தொடங்கி 2008இல் மூடப்பட்டது. 2010இல் அவ்விடம் பூங்காவாகத் திறக்கப்பட்டது. நிலம் அவர்களுடையதன்று; காலம் முடிந்ததும் எழ வேண்டியதாயிற்று.

நியூ உட்லண்ட்ஸில் ஒரு கல்யாணக் கூட்டம். மூலை மேசையில் அமர்ந்து இட்லியும் காப்பியும் சொன்னோம். பில் வந்ததும் நானா அதன் பின்பக்கத்தைத் திருப்பி, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ராத்தாவிடம் நீட்டினார். "நீயே சொல்லு. என்னென்ன எழுத வேண்டும்?"

ராத்தா எழுதவில்லை, சொன்னார். நானாதான் எழுதினார். மது கூடாது. முற்றத்துக்குக் கூரை போடக் கூடாது. தூணுக்கு வர்ணம் அடிக்கக் கூடாது. வீட்டின் பெயர் மாறக் கூடாது. பின்கட்டுக் கிணற்றில் தெருவார் தண்ணீர் எடுக்கும் வழியை அடைக்கக் கூடாது. உம்மா தொழுத அறையில் கட்டில் போடாமல், பயணிகள் தொழ விட்டுவிட வேண்டும். முப்பதாண்டு அதிகம், பத்தாண்டு போதும், பிறகு நம் பிள்ளைகள் பார்த்துக் கொள்வார்கள். குத்தகைப் பணத்தில் ராத்தாவின் பங்கு அப்படியே ஊர் மதரஸாவுக்கு.

"இத்தனைக்கும் அவர் ஒப்புக் கொள்வாரா?" என்று கேட்டேன்.

"ஒப்பாவிட்டால் பூட்டு இருக்கிறது" என்றார் ராத்தா.

நானா தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தார். பிறகு நினைவு வந்தவராக அதை மீண்டும் எடுத்துப் பிரித்து, கடைசி வரிக்குக் கீழே, 'கொம்புத் தலைக்கவசம் கூடாது' என்று எழுதினார். ராத்தா வாய்விட்டுச் சிரித்தார். மஃரிபுக்கு நேரமாகிவிட்டது என்று நாங்கள் எழுந்தோம்.