நாலு நாள் ஆட்டம்... ரெண்டு நாள்ல கட்!

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. கொரோனாவால் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு, முண்டியம்பாக்கம் வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் இதழியல் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் காலையில் டீயும் கையுமாக வந்த அப்பா, டி.வி-யைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "என்னா ஆட்டம்மா இது? ஒருத்தரும் ஓடவே மாட்டேங்குறாங்க?"

கோல்ஃப். டோக்கியோ ஒலிம்பிக்ஸ், பெண்கள் பிரிவு, கடைசி நாள். எனக்கும் அந்த ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது. எங்கள் ஊரில் பச்சையாக விரிந்து கிடப்பதெல்லாம் கரும்பும் நெல்லும்தான். ஆனால், பெங்களூருப் பெண் ஒருவர் பதக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று செல்போனில் செய்தி வந்ததால் ரிமோட்டை யாருக்கும் தரவில்லை. அதிதி அசோக், 23 வயது. உலகத் தரவரிசையில் 200-வது இடம். ஆனால், மூன்று நாள் ஆட்டத்தின் முடிவில் இரண்டாமிடம்!

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அவ்ளோ பெரிய பையைத் தூக்கிட்டுப் பின்னாடியே போறாங்களே, யாரு அது?"

"அவங்கம்மாதான்."

கோல்ஃபில் மட்டைப் பையைச் சுமந்தபடி கூடவே நடக்கும் உதவியாளருக்கு 'கேடி' என்று பெயர். 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் அதிதிக்கு அப்பா கேடி, டோக்கியோவில் அம்மா. "பொண்ணு பையை அம்மா தூக்குறதுல என்னா அதிசயம்?" என்று சொல்லிவிட்டு, அம்மா தாளிக்கப் போய்விட்டார்.

நான்கு நாளும் சேர்த்து அதிதி அடித்தது 269. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் மோதிய மோனே இனாமி, லிடியா கோ இருவரும் 268. ஒரே ஓர் அடி! அந்த வருடம் அதிதிக்கும் கொரோனா வந்து போயிருந்தது. பந்தைப் பழைய தூரத்துக்கு அடிக்க முடியாமல், குழிக்குள் உருட்டிவிடும் 'பட்டிங்' திறமையை வைத்தே அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். நாலாமிடம். அன்றைக்குச் சாயங்காலமே நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வாங்கினார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் அதிதியைப் பற்றிப் பேசவில்லை. நானும்தான்.

டிப்ளமோ முடித்து, ஒரு இணையதளத்தில் மூன்று மாத 'டிரையல்' வேலைக்குச் சென்னை போனேன். இரண்டாவது மாதமே, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று ஒரு வாட்ஸ்அப். பெட்டியோடு ஊருக்கு வந்து இறங்கினேன். ஊரில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் "லீவாம்மா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

இப்போது வேலை பார்க்கும் இந்த டெஸ்க்குக்கு விண்ணப்பித்தபோது மாதிரிக் கட்டுரை ஒன்று கேட்டார்கள். 2023 பிப்ரவரி அது. கென்யாவில் ஒன்பது அடி வித்தியாசத்தில் அதிதி ஜெயித்திருந்த சமயம். ஞாபகம் வந்து அவரைப் பற்றியே எழுத உட்கார்ந்தேன். ஐந்து வயதில் மட்டை பிடித்தவர். 2016-ன் முதல் நாளே தொழில்முறை ஆட்டக்காரராக மாறியவர். பள்ளிப் படிப்பை முடித்ததும், ஒலிம்பிக்ஸ் ஆடியதும், இந்தியன் ஓப்பனை ஜெயித்ததும் அதே வருடத்தில். ஐரோப்பிய டூரில் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண்ணும் அவர்தான்.

இவையெல்லாம் ஏற்கெனவே எல்லோரும் எழுதியவை. என்னை நிறுத்தியது வேறு. கோல்ஃபில் மாதச் சம்பளம் கிடையாது. நான்கு நாள் போட்டி என்றால், இரண்டாவது நாள் முடிவில் 'கட்'. ஏறக்குறைய பாதிப் பேர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அப்பாவிடம் சொன்னேன்.

"ரெண்டு நாள் ஆடினதுக்குக் கூலி?"

"கிடையாதுப்பா."

"ஃபிளைட்டு, ரூமு?"

"அவங்க கைக்காசுதான்."

அப்பா கரும்பு லாரி ஓட்டுபவர். ஆலை வாசலில் ராத்திரி முழுக்க வரிசையில் கிடந்தவர். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ அடுத்த வாரம்?"

"வேற ஊர்ல வேற போட்டி. திரும்ப முதல்லேருந்து."

"அப்ப உன்னயும் 'கட்'டுலதான் அனுப்பிட்டாங்கன்னு சொல்லு" என்றார். வேலை போன பிறகு அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தேன்.

வேலை கிடைத்தது. அதே 2023 அக்டோபர் 1, ஞாயிற்றுக்கிழமை டியூட்டி. ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஏழு அடி முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கிய அதிதி, அன்றைக்கு 77 அடித்து வெள்ளியோடு முடித்தார். ஆசிய விளையாட்டு கோல்ஃபில் இந்தியப் பெண் ஒருவர் வாங்கிய முதல் பதக்கம் அது. நான் வைத்த தலைப்பு, 'கைக்கு வந்த தங்கத்தைக் கோட்டைவிட்ட அதிதி!' அது நன்றாகவே ஓடியது. ஆசிரியர் பாராட்டினார். அந்தத் தலைப்பை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

எட்டே வாரத்தில் ஸ்பெயினில் அவர் மறுபடியும் ஜெயித்தார். ஐரோப்பிய டூரில் ஐந்தாவது பட்டம். நானே கேட்டு வாங்கி, ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். அதை ஏறக்குறைய யாரும் படிக்கவில்லை. இதற்கு வாசகர்களைக் குறை சொல்வேனா? டோக்கியோ முடிந்த சாயங்காலமே அவரை மறந்தவள்தானே நானும்!

படித்த சிலரில் அப்பாவும் ஒருவர். லிங்க் அனுப்பியிருந்தேன். மறுநாள் ஆலை வரிசையிலிருந்து போன் செய்தார். பின்னால் ஹாரன் சத்தம்.

"படிச்சேம்மா. அடுத்து எந்த ஊர்ல ஆடுது அந்தப் பொண்ணு?"

"இருப்பா, பார்த்துச் சொல்றேன்" என்று தேடத் தொடங்கினேன்.