டமார்னு கேட்டுச்சே, எந்த ஆலை?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் "டமார்"னு சத்தம் கேட்டா நாங்க வானத்தைப் பார்க்க மாட்டோம். போனைத்தான் எடுப்போம். "எந்த ஆலை?"

வானம் பார்த்த பூமி. கரிசல்ல மழை பொய்ச்சா பட்டாசு ஆலை, இல்லன்னா கல்குவாரி. 2024 மே 1 அன்னைக்கு காரியாபட்டி பக்கம் ஆவியூர் குவாரியில வெடிமருந்து வெடிச்சது இங்க யாருக்கும் மறக்கல.

சமீபத்துல ஒரு மதியம், ஓ.பி. முடியுற நேரம், ஜன்னல் கதவெல்லாம் அதிர்ந்துச்சு. பத்து நிமிஷத்துல மூணு குடும்பம் கேஷுவாலிட்டி வாசல்ல வந்து நிக்குது. காயம்பட்டவங்க ஒருத்தரும் இல்ல, சொந்தக்காரங்க மட்டும். "சார், மக ஆலைக்குப் போயிருக்கா, போன் எடுக்க மாட்டேங்குறா"ன்னு ஒரு அம்மா. ஆலைக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாது, அது அவங்களுக்கும் தெரியும். இருந்தும் அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. சாயங்காலம் வேன்ல மக வந்து இறங்கின பிறகுதான் தண்ணி குடிச்சாங்க.

பக்கத்து மாவட்ட நண்பர்களும் அதே நேரம் அதே சத்தம்னாங்க. எங்கயும் புகை இல்ல. போர் விமானம்தான். தஞ்சாவூர்ல 2020 ஜனவரியில இருந்து சுகோய்-30 படைப்பிரிவு இருக்கு, சூலூர்ல தேஜஸ் இருக்கு. ரெண்டுமே ஒலியை முந்தக்கூடியது.

ஒலியோட வேகம் சூட்டைப் பொறுத்தது. நம்மூர் 38 டிகிரி வெயில்ல மணிக்கு சுமார் 1,270 கி.மீ. 36,000 அடி உயரத்துல, மைனஸ் 56 டிகிரி குளிர்ல, சுமார் 1,060 தான். விமானம் அதைத் தாண்டிட்டா, முன்னால இருக்கிற காத்துக்கு "நான் வர்றேன்"னு சேதியே போகாது. விலக நேரமில்லாம காத்து அப்படியே நசுங்குது. கண்மாய்ல வாத்து நீந்துறப்ப பின்னால கவட்டை மாதிரி அலை விரியும் பாருங்க, கிட்டத்தட்ட அப்படி விமானத்துக்குப் பின்னால ஒரு அதிர்வலை விரியுது. அது நம்மைக் கடக்குறப்ப கேக்குறதுதான் சோனிக் பூம்.

ஒலிவேகத்தைத் தாண்டுற அந்த ஒரு நொடியில மட்டும்தான் வெடிக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்ல. முந்திப் பறக்குற நேரம் பூரா அந்த அலை கூடவே இழுபட்டு வரும், வழியில இருக்கிற ஒவ்வொரு ஊருக்கும் ஒரு டமார். மூக்குல ஒண்ணு, வால்ல ஒண்ணுன்னு ரெண்டு அதிர்வு. போர் விமானம் சின்னது, அதனால சில சமயம் "டம்-டம்", சில சமயம் ஒரே அடியா கேக்கும். அண்ணாந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. அந்த உயரத்துல ஒலியைப் போல ஒன்றரை மடங்கு வேகத்துல போனா, சத்தம் நம்ம காதுக்கு வர்றப்ப விமானம் சுமார் 12 கி.மீ. தாண்டியிருக்கும்.

புதுசும் இல்ல இது. வண்டிக்காரர் சாட்டையைக் காத்துல சுண்டினா "பட்டீர்"னு கேக்குமே, அது சாட்டை நுனி ஒலியை முந்துற சத்தம்தான்.

காது போயிருமா டாக்டர்? போகாது. காங்கார்டு விமானத்தோட பூம் தரையில தந்த கூடுதல் அழுத்தம் சுமார் 93 பாஸ்கல். ரெண்டு மூணு மாடி இறங்கினாலே காதுக்கு அவ்வளவு ஏறிடும். படியில மெதுவா ஏறுறது இங்க கண் இமைக்கிறதுக்குள்ள ஏறி இறங்குது, அதனால வெடியா கேக்குது. செவிப்பறை கிழிய சுமார் 35,000 பாஸ்கல் வேணும். ரொம்பத் தாழப் பறந்தா கண்ணாடி உடையலாம், அது வேற.

கைக்குழந்தை ரெண்டு கையையும் விரிச்சுத் திடுக்கிடும். இயல்பான அனிச்சைச் செயல்தான். மந்திரிக்கக் கூட்டிட்டுப் போறதுன்னா பால் கொடுத்துட்டுப் போங்க.

2020 மே 20 அன்னைக்கு பெங்களூரே இப்படி அதிர்ந்துச்சு. விமானப்படையோட சோதனைப் பறப்பு, 36,000 முதல் 40,000 அடி உயரத்துல, 65 முதல் 80 கி.மீ. தள்ளி இருந்தாலும் கேக்கும்னு பாதுகாப்புத்துறை அன்னைக்கே சொல்லிடுச்சு. அங்க அது ஒரு நாள் ட்விட்டர் கலகலப்பு. இங்க ஒவ்வொரு நிமிஷமும் ஒரு வீட்டுல யாரோ போன் அடிச்சுக்கிட்டு இருக்காங்க. மாவட்ட நிர்வாகம் பத்து நிமிஷத்துல ஒரு வரி போட்டா போதும்: "விமானச் சத்தம், எங்கும் விபத்து இல்லை."

அது வர்ற வரைக்கும், தூரத்து ஊர்ல இருக்கிறவங்ககிட்ட கேளுங்க. அங்கயும் இதே அளவு கேட்டிருந்தா, எங்கயும் புகை இல்லன்னா, அநேகமா விமானம்தான். புகை தெரிஞ்சா 108-க்கு அடிங்க. பார்க்க ஓடாதீங்க, ரெண்டாவது அறையும் வெடிக்கலாம்.