கண்டியிலே காசு தேடி

கண்டிக்குச் செல்வோர் பெரும்பாலும் மூன்றைக் கண்டு திரும்புவர். தலதா மாளிகையைத் தொழுவர். ஏரிக்கரையை ஒரு முறை வலம் வருவர். பேராதனைப் பூந்தோட்டத்து மரநிழலிலே கட்டுச்சோற்றை அவிழ்த்து உண்டுவிட்டு மாலைப் புகையிரதத்துக்கு விரைவர். நாம் சென்ற நோக்கம் வேறு. பழங்காசு பார்க்கச் சென்றோம். தங்கத்தின் விலை இறங்கும்போதெல்லாம் நகை வைத்திருப்போர் முகம் வாடுகிறது. காசு சேர்ப்போர் சிலரின் முகம் மட்டும் மலர்கிறது. இஃது ஏன் என்று அறியும் ஆவல் எமக்கு நெடுநாளாக உண்டு. இவ்விரு முகங்களையும் ஒரு நாழிகை நடைக்குள்ளே காணத்தக்க ஊர் கண்டி.

கண்டிக்கும் காசுக்கும் உள்ள உறவு விசித்திரமானது. போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் மலைக்கணவாய்களில் மடக்கி, 1815 ஆம் ஆண்டு வரை தலைநிமிர்ந்து நின்ற அரசு அது. ஆயினும், தன் மன்னர் முகத்தைப் பொறித்த நாணயம் ஒன்றேனும் அதனிடம் இருந்ததில்லை. 1660 ஆம் ஆண்டிலே பிடிபட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி நாட்டிலே சிறையிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், தப்பி ஓடியபின் 1681 இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் அந்நாட்டுக் காசுகளை விவரித்திருக்கிறார். அவர் கண்டவை மூன்று வகை. ஒன்று போர்த்துக்கேயர் அடித்த வெள்ளிக் காசு. இரண்டாவது தூண்டில் முள்ளைப்போல வளைந்த வெள்ளிக் கம்பி. மூன்றாவதுதான் மன்னனுக்கே உரியது. சரிகைப் பொட்டு அளவே ஆன சின்னஞ்சிறு காசு. அதனைப் பிறர் அடித்தால் மரண தண்டனை. எழுபத்தைந்து சேர்ந்தால் ஒரு ஸ்பானிய வெள்ளிக்குச் சமம். அதன் பெயரை நொக்ஸ் ‘பொன்னம்’ என்று எழுதி வைத்தார். நம்முடைய ‘பணம்’ என்ற சொல்தான் அவர் காதிலே அவ்வாறு விழுந்திருக்கிறது.

இம்மூன்றனுள் எம் மனத்தைக் கவர்ந்தது அந்தத் தூண்டில் முள்ளே. பாரசீகத்து லார் நகரின் பெயரால் ‘லாரின்’ என்று வணிகர் வழங்கிய இக்காசு, கடல் கடந்து வந்து கண்டி மலைகளில் வளைந்த வடிவம் பெற்றது. மன்னன் அனுமதித்தபடியால் குடிகளே இதனைச் செய்தனர். விரும்பிய முத்திரையை அதன்மேல் இட்டனர். தரத்திலே ஐயம் எழுந்தால் நெருப்பிலிட்டுப் பழுக்கக் காய்ச்சி நீரிலே தோய்ப்பார்கள். தூய வெண்மையாக வெளிவந்தால் அது காசு, இல்லையேல் செல்லாது. அரசனின் தலையோ ஆணையோ அங்கே பேசவில்லை. வெள்ளிதான் பேசிற்று.

பேராதனைச் சாலையோரம் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இத்தகைய முள் ஒன்றை எம் உள்ளங்கையில் வைத்தார். ஐந்து கிராமுக்குக் கிட்டிய எடைதான் இருக்கும். “இதை இன்றைக்கு வெள்ளிக் கணக்கிலே நிறுத்தால் பெரிதாய் ஒன்றும் வராது, தம்பி. ஆனால் யாராவது சேகரிப்பவரிடம் கொடுத்துப் பாருங்கள்!” என்று சிரித்தார். அன்று உலோகத்தால் மட்டும் மதிப்புப் பெற்ற பொருள், இன்று உலோகத்தை மறந்து உருவத்தால் மதிப்புப் பெறுகிறது. ஒவ்வொரு பழங்காசுக்கும் இவ்வாறு இரண்டு விலைகள் உண்டு: தட்டான் சொல்லும் விலை ஒன்று, சேகரிப்பவர் சொல்லும் விலை மற்றொன்று. இரண்டுக்கும் இடைவெளி அகன்றிருக்கும் வரையில் காசு உயிர் பிழைக்கும். இடைவெளி சுருங்கினால் அடுத்த இடம் மூசைதான்.

ஆசிரியர் வீட்டிலிருந்து நகருக்குத் திரும்பி, தலதா மாளிகையின் அருகே, முன்னாளில் அரசியர் வாழ்ந்த பல்லே வாஹல அரண்மனையில் அமைந்துள்ள தேசிய நூதனசாலைக்குச் சென்றோம். தடித்த சுவர்களும் நடுமுற்றமும் உடைய அந்த வீட்டிலே நிற்கும்போது, தமிழ் நாட்டிலிருந்து மணமகளிராய் வந்து சேர்ந்த பெண்களை நினையாதிருக்க முடியாது. 1739 இல் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் அரியணை ஏறியது முதல் கண்டியை ஆண்ட நால்வரும் நாயக்கர் குலத்தவர். அவர்தம் உறவினர் குடியிருந்த தெருவே மலபார் வீதி என நெடுங்காலம் வழங்கிற்று. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஏரியை வெட்டுவித்து மூன்றே ஆண்டுகளில் அரசிழந்து, வேலூர்க் கோட்டையிலே சிறையிருந்து 1832 இல் மறைந்தான்.

அரசு வீழ்ந்த அதே 1815 ஆம் ஆண்டைத் தாங்கிச் செப்புக் காசுகள் வெளிவந்தன. ஒரு பக்கம் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் தலை. மறு பக்கம் யானை. வரலாற்றின் பெரிய திருப்பத்தைத் தாங்கிய இக்காசுகள் அருமையாய் இருக்குமென்று நாம் எண்ணினோம். அப்படியில்லை, இன்றும் தேடினால் கிடைக்கின்றன என்றார் ஆசிரியர். காரணம் எளிது. செம்பை உருக்கி யார் தாலி செய்யப் போகிறார்கள்? விக்டோரியா அரசி காலத்துச் சதக் காசும் அவ்வாறே. பனையுருவோடு தமிழ் எழுத்தும் பொறித்த அந்தச் செப்புக் காசு, காசு சேர்க்கத் தொடங்கும் மாணவர்க்கு ஏற்ற முதற் காசு.

பொன்னின் கதை வேறு. நம்மவர் வாயிலே ‘பவுண்’ என்பது எடையின் பெயராகிவிட்டது. எட்டுக் கிராம் என்று கடைக்காரர் சொல்லுவார். உண்மையில் அது ஒரு காசின் பெயர். 1817 முதல் இலண்டனில் அடிக்கப்பட்ட ஆங்கிலப் பொன் நாணயம், எடை 7.98 கிராம், இருபத்திரண்டு கரட், அதனுள் இருக்கும் தூய பொன் 7.32 கிராம். ஒரு பக்கம் அரசர் அல்லது அரசியின் தலை. மறு பக்கம் குதிரைமீதமர்ந்து பறவைநாகத்தைக் கொல்லும் புனித ஜோர்ஜ். அந்தக் குதிரை வீரனை வரைந்தவர் பிஸ்துருச்சி என்னும் இத்தாலியர்.

இந்தக் காசு நம் இல்லங்களிலே இருந்தது சேகரிப்புக்காக அன்று, உருக்குவதற்காகவே. ஈழத்துத் தமிழர் திருமணத்திலே பொன்னுருக்கல் என்னும் சடங்கு ஒன்றுண்டு. நல்ல நாள் பார்த்து, நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்து, பெரியோர் முன்னிலையில் பொற்காசைத் தட்டாரிடம் கொடுப்பர். அவர் அதை உருக்கித் திரளாக்கிக் காட்டுவார். அதிலிருந்து தாலி பிறக்கும். எத்தனை அரசிகள், எத்தனை அரசர்கள் அந்தச் சிறு நெருப்பிலே கரைந்திருப்பார்கள்! சேகரிப்போர் இதனைப் பழிப்பதுண்டு. நாம் பழிக்க மாட்டோம். தாலியாய்ப் பிறப்பதைவிடப் பெரிய பேறு ஒரு காசுக்கு வேண்டுமா? எமக்கு வருத்தமெல்லாம், தேவை எதுவுமின்றி, விலை ஏறிற்று என்ற ஒரே காரணத்துக்காக உருகிப் போகும் காசுகளைப் பற்றியதே.

“தங்கம் ஏறுகிற காலம் எங்களுக்குச் சாவீட்டுக் காலம்” என்றார் ஆசிரியர். கணக்கைப் பார்த்தால் அவர் சொன்னது விளங்கும். 2011 செப்டெம்பரிலே உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் பொன் 1,900 டொலரை எட்டிற்று. அப்போது ஒரு பவுண் காசிலுள்ள பொன்னின் மதிப்பு ஏறத்தாழ 445 டொலர். சாதாரண ஆண்டுக் காசு ஒன்றுக்குச் சேகரிப்பவர் கொடுக்கும் சிறு மேல்விலை இந்தத் தொகைக்குள் அமிழ்ந்து போகிறது. தட்டானும் சேகரிப்பவரும் ஒரே விலையைச் சொன்னால், விற்பவர் அருகிலுள்ள கடைக்குத்தானே போவார்? 2013 ஏப்ரில் 15 ஆம் திகதி பொன் விலை ஒரே நாளில் நூற்றுக்கு ஒன்பது வீதம் சரிந்தது. முப்பது ஆண்டுகளில் அத்தகைய வீழ்ச்சி இல்லை. 2015 டிசெம்பரில் அவுன்ஸ் 1,050 டொலர் அளவுக்கு இறங்கிற்று. காசிலுள்ள பொன் 250 டொலருக்கும் கீழே வந்தது. நகைப் பெட்டிகள் கண்ணீர் வடித்த அக்காலத்தில், மூசைக்குப் போகவிருந்த காசுகள் பெட்டிக்குள்ளே தங்கின. சேகரிப்பவர் முகம் மலர்ந்த காரணம் இதுவே.

உருக்குவதனால் அருமை உண்டாவதும் உண்டு. 1917 இல் இலண்டனிலே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பவுண் காசுகள் அடிக்கப்பட்டன. முதல் உலகப் போர்க் காலம் அது. அவற்றுட் பெரும்பாலானவை அமெரிக்காவுக்குச் சென்று உருக்கப்பட்டன என்பர். இன்று அந்த ஆண்டின் இலண்டன் காசு அகப்படுவது அரிது. நம் நாட்டிலும் இதற்கு உறவான கதை ஒன்றுண்டு. புத்த ஜயந்தியை நினைவுகூர்ந்து 1957 இல் வெளியிட்ட ஐந்து ரூபா வெள்ளி நாணயத்தில் ஒரு பகுதி திரும்பச் சென்று உருக்கப்பட்டது. மிஞ்சியதைக் கண்டி வீடுகள் பல, தெய்வப் படத்தருகே வைத்துப் பேணுகின்றன.

இதுவரை கேட்ட நாம், விலை இறங்கினால் பழங்காசுகளுக்கு நல்ல காலம் என்று முடிவு கட்டியிருந்தோம். கடைத்தெருவுக்கு வந்தபின் அம்முடிவு நிலைக்கவில்லை.

கொழும்புச் செட்டியார் தெருவிலே காலையில் சொல்லும் விலை, சிறிது நேரத்தில் கண்டிக்கும் வந்துவிடுகிறது. அந்த விலைக்காகக் காத்திருப்போரில் விற்க வந்தோரைவிட அடகு வைக்க வந்தோர் மிகுதி. மலைத்தோட்டங்களிலிருந்து வரும் பெண்கள், பிள்ளையின் பள்ளிச் செலவுக்கோ வீட்டில் ஒரு மருத்துவச் செலவுக்கோ தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றிக் கொடுக்கிறார்கள். தாய்வழி வந்த பவுண் காசு ஒன்றைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டு வருவோரும் உண்டு. விலை உயர்ந்திருந்த நாளில் கடன் தாராளமாய்க் கிடைத்தது. விலை சரிந்ததும், மீட்கக் கொடுக்க வேண்டிய பணம் நகையின் மதிப்பையே தாண்டிவிட்டது. அப்படியிருக்க அதனை எவர் மீட்பார்? 2013 இல் இலங்கை வங்கிகள் பலவற்றிலே அடகுக் கடன்கள் தேங்கி நின்றமைக்குக் காரணம் இதுவே. மீளாத பொருள் ஏலத்துக்குச் சென்றது. ஏலத்தில் வாங்குவோர் ஆண்டையும் தலையையும் பார்ப்பதில்லை, எடையைப் பார்க்கிறார்கள். ஏற்றத்திலே தப்பிய காசு இறக்கத்திலே மூசைக்குப் போகும் வழி இது.

ஆசிரியரிடம் இதனைச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. “காசு போனால் எனக்கு ஒரு காசு குறைவு. அந்தப் பிள்ளைக்குத் தாயின் கையிருப்பே போய்விட்டதே” என்று மட்டும் சொன்னார். காசு சேர்ப்போரிடம் நாம் எதிர்பாராத சொல் அது.

நம் நாட்டுப் பொன் விலைக்கு இரண்டு கால்கள் உண்டு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒன்று உலக விலை. மற்றொன்று ரூபாவின் வலிமை. 2022 நெருக்கடியிலே 200 ரூபா அளவிலிருந்த டொலர் 360 ரூபாவைத் தாண்டியபோது, உலகத்திலே பொன் பெரிதாய் ஏறாதிருந்தும் இங்கே பவுண் வானத்தில் ஏறிற்று. எரிவாயுவுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற குடும்பங்கள் பெட்டியைத் திறந்தன. 2023 மார்ச்சில் ரூபா சற்று நிமிர்ந்ததும் விலை சட்டென்று இறங்கிற்று. முதல் நாள் விற்றவர் மகிழ்ந்தார். மறுநாள் விற்றவர் தலையில் கை வைத்தார். 2025 ஒக்டோபரில் உலக விலை 4,000 டொலரைத் தாண்டி, அதே மாதம் 21 ஆம் திகதி ஒரே நாளில் ஐந்து வீதத்துக்கு மேல் விழுந்தது. இத்தகைய ஊஞ்சலிலே அமர்ந்துகொண்டு, எந்த நாள் நல்ல நாள் என்று யார் சொல்ல வல்லார்?

வீட்டிலே பழைய பவுண் காசு வைத்திருப்போருக்கு ஆசிரியர் சொல்லித் தந்த ஒன்றை இங்கே எழுதுகிறோம். விற்கும் முன்னும், அடகு வைக்கும் முன்னும், பொன்னுருக்கலுக்குக் கொடுக்கும் முன்னும் அதனைப் பகல் வெளிச்சத்திலே உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு பாருங்கள். தேய்க்கவோ துலக்கவோ வேண்டா; துலக்கிய காசு மதிப்பிழக்கும். குதிரை வீரன் பக்கத்தில், கீழே ஆண்டு இருக்கும். ஏழாம் எட்வேட், ஐந்தாம் ஜோர்ஜ் காலத்துக் காசாயின், ஆண்டுக்கு மேலே குதிரை நிற்கும் தரையின் நடுவில் ஒரு சிற்றெழுத்து இருக்கிறதா என்று நோக்குங்கள். ‘எஸ்’ என்றால் சிட்னி. ‘எம்’ என்றால் மெல்பேண். ‘பி’ என்றால் பேர்த். ‘ஐ’ என்றிருந்தால் அது 1918 இல் மட்டும் பம்பாயில் அடித்தது. எழுத்து ஒன்றுமில்லையெனில் இலண்டன். 1917 என்ற ஆண்டும் எழுத்தில்லாத தரையும் ஒருங்கே இருந்தால் அதைத் தட்டாரிடம் கொண்டு போக வேண்டா. முதலில் நாணயம் அறிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். 1920 ஆம் ஆண்டுச் சிட்னிக் காசு அதனினும் அரியது. மற்றவற்றுட் பல சாதாரணக் காசுகளே. ஆயினும் தாலிக்கு வேண்டிய பொன்னுக்குப் பதிலாக அதே எடையில் வேறு பொன்னைக் கொடுக்க இயலுமாயின், பாட்டியார் கையிலிருந்து வந்த காசை அப்படியே மகளுக்குக் கொடுக்கலாம் என்றார். சடங்குக்கு வேண்டியது பொன்னே. இந்தக் குதிரைதான் உருக வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை.

விடைபெறும்போது ஆசிரியர் அந்தத் தூண்டில் முள்ளைப் பஞ்சிலே பொதிந்து தீப்பெட்டிக்குள் வைத்தார். “இதை நெருப்பிலே காய்ச்சிப் பார்த்தீர்களா?” என்று எம்முடன் வந்த மாணவன் கேட்டான். “முன்னூறு வருடத்துக்கு முன்னே யாரோ காய்ச்சிப் பார்த்திருப்பான், மகனே” என்று சொல்லிப் பெட்டியை மூடினார்.